ஸ்டாப்பர் ஜெயமேரி

ராயப்பன்பட்டிக்குள் போய் ஜெயமேரி வீடு எது என்று கேட்டால், எந்த ஜெயமேரி என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு இரண்டு ஜெயமேரி இருக்கிற ஊர் அது. ஸ்டாப்பர் ஜெயமேரி என்று சொல்லிப் பாருங்கள், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசல் வரைக்கும் கூட வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

கால்பந்தில் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிற பந்தைக் காலாலோ தலையாலோ தடுத்து வந்த வழியே திருப்பி அனுப்புகிறவளுக்குத்தான் ஸ்டாப்பர் என்று பெயர். பாவப்பட்ட உத்தியோகம். கோல் போட்டவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஸ்டாப்பர் என்று ஒருத்தி இருப்பது, கோல் விழுந்த அன்றைக்குத்தான் ஊருக்கு ஞாபகம் வரும்.

அந்த வேலைக்கு அவள் வந்ததே ஆள் இல்லாத குறைக்குத்தான். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் கோவில் திடலில் தெருவுக்குத் தெரு பந்தயம் நடக்கும். ஒரு வருடம் இவள் தெரு அணியில் ஒருத்தன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையை இழுத்து, "சும்மா பின்னால நில்லு ஆத்தா, பந்து வந்தா ஒதுங்கிக்க" என்று நிறுத்தினார்கள். பந்து வந்தது. இவள் ஒதுங்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்தது, கோல் விழவில்லை. அவளுடைய அப்பா பங்கிராஸ் அன்றைக்குப் பெண்ணை அடிப்பதா மெச்சுவதா என்று தெரியாமல், எதிர்த் தெருக்காரர்களிடம் போய்ச் சண்டை போட்டார்.

பிறகு பள்ளிக்கூட அணி, மாவட்ட அணி. பிறகு கல்யாணம். மாப்பிள்ளை சாலமன் உள்ளூர்தான். விடியுமுன் ஏலத்தோட்டத்து வேலைக்காரப் பெண்களை ஜீப்பில் ஏற்றி, மலையேற்றிக் குமுளிப் பக்கம் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருகிறவன். ஷெரின் பிறந்தாள். பந்து பரணுக்குப் போனது. ஜெயமேரி அப்பாவின் திராட்சைப் பந்தலுக்கு வேலைக்குப் போனாள். காலை முதல் அண்ணாந்தபடியே கவாத்து வெட்டி, கொடி கட்டி, காய் கழித்து, அவள் கழுத்து நல்ல இரும்பாகிவிட்டது. பல வருடம் கழித்து மறுபடி மைதானத்தில் இறங்கியவள் தலையால் முட்டிய பந்து பாதி மைதானத்தைத் தாண்டிப் போய் விழுந்தபோது, எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவளுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மறுபடி இறக்கிவிட்டவர் ஏசுதாசன் சார். கம்பத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பெண்களுக்கென்று ஒரு கிளப் வைத்து, போகிற வருகிற இடத்திலெல்லாம் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் கொச்சியில் ஹார்பர் எஃப்.சி. என்றொரு பெரிய கிளப்புக்கு ஒரு சங்கடம் வந்தது. சம்பளத்துக்கு ஆடுகிற ஆண்கள், வெளிநாட்டுக்காரர்கள், டிவியில் வருகிற ஆட்டம் எல்லாம் இருந்தன. பெண்கள் அணி மட்டும் இல்லை. அதுவும் வைத்திருக்க வேண்டும் என்று மேலிருந்து விதி வந்துவிட்டது. கிளப்பின் பங்குதாரர் ஒருவர் ஏலக்காய் வியாபாரத்துக்காகப் போடிக்கு வந்து போகிறவர். ஏசுதாசன் சாரின் பெண்கள் ஆடுவதை ஒரு நாள் பார்த்தார். புதிதாக முளைக்க வைப்பதைவிட, வளர்ந்து நிற்பதை எடுத்துக்கொள்வது சுலபம் என்று வியாபாரிக்குத் தெரியாதா? கம்பம் கிளப், ஹார்பர் மகளிர் அணி ஆகிவிட்டது. பாதிப் பேர் இங்கத்திய பெண்கள், பாதிப் பேர் கேரளத்துப் பெண்கள். நாலு பக்கமும் மலையைப் பார்த்து வளர்ந்தவர்களின் சட்டையில் நங்கூரம் ஏறியது. "கப்பல நேர்ல பாத்தவ யாராச்சும் இருக்கீகளா?" என்று ஏசுதாசன் சார் கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை.

கோச்சாகத் திருச்சூர்க்கார பீனா மேடம் வந்தார். வந்த அன்றைக்கே ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு விசாரித்தார். ஜெயமேரி முறை வந்தது.

"மலையாளம் அறியாமோ?" என்று கேட்டார்.

'மலையாளம் தெரியாதோ?' என்று கேட்கிறார் போல என்று இவள் நினைத்துக்கொண்டாள். கேட்டவர் வாய்ச்சொல்லிலேயே பதில் சொல்வதுதான் மரியாதை என்று, "அறியாம்" என்றாள். தெரியாது என்று நாணயமாகச் சொல்லிவிட்ட திருப்தி அவளுக்கு. மலையாளத்தில் அதற்குத் 'தெரியும்' என்று அர்த்தம். பீனா மேடம் சந்தோஷமாகத் தலையாட்டி, அடுத்தவளைக் கூப்பிட்டார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்த வருடம் முழுக்க அவர் இவளிடம் மலையாளத்தில் பேசினார். இவள் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினாள். பாஸ், கிளியர், கார்னர் என்று ஆட்டத்துப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கோல்கீப்பரும் கம்பத்துப் பெண்தான், தமிழில்தான் கத்துவாள். அவள் கல்யாணம் ஆகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்குக் கோழிக்கோட்டிலிருந்து ரெம்யா வந்தாள்.

ரெம்யா இறங்கிய முதல் ஆட்டத்திலேயே அது நடந்தது. எதிரணியின் பந்து பக்கவாட்டிலிருந்து உயரமாக வந்தது. ரெம்யா பிடிக்க ஓடி வந்தபடி, "மாறு! மாறு!" என்று கத்தினாள். வழியை விட்டு விலகு என்று அர்த்தம். ஜெயமேரிக்கு அது சுத்தமான தமிழாகக் கேட்டது. கம்பத்துப் பெண்கள் ஆட்டத்தில் மாறு என்றால், நீ பிடித்த ஆளை விட்டுவிட்டு அடுத்தவள் பிடித்த ஆளைப் பிடித்துக்கொள், இடம் மாற்றிக்கொள் என்று அர்த்தம். சொன்ன சொல்லைத் தட்டாமல் இடம் மாற ஓடினாள். நேரே ரெம்யாவின் குறுக்கே. இரண்டு பேரும் மோதி உருண்டார்கள். பந்து யாரும் தொடாமல் வலைக்குள் போனது. அந்த ஒரு கோலில் ஆட்டம் போயிற்று.

ரெம்யா உதட்டைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்: "சேச்சி மாறியில்லா!"

"மாறுனேன்ல! நீ சொன்ன ஒடனே மாறுனேன்ல!" என்று இவளும் கத்தினாள்.

"மாறியில்லா!"

"மாறுனேன்டீ!"

இரண்டு பேரும் சத்தியத்தைத்தான் சொன்னார்கள். அதனால்தான் அந்தச் சண்டை முடியவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் ரெம்யா பீனா மேடத்திடம் படபடவென்று என்னவோ சொன்னாள். நடந்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, ஜெயமேரி பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகு, அணியிலேயே சின்னவளான ஜெனிபர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரியகுளத்துப் பெண், அம்மாவோடு மூணாறில் வளர்ந்ததால் மலையாளம் தெரிந்தவள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக? ஒங்களுக்குக் காது மந்தம், சொன்னா வெளங்கலன்னு அவ சொல்றா. நீங்க ஆமா ஆமாங்கீக?"

ஜெயமேரிக்குப் பகீர் என்றது. மறுபடி போய்ப் பேசலாமென்றால், எந்தப் பாஷையில் பேசுவது? சின்னவளை நடுவில் நிறுத்திப் பஞ்சாயத்துப் பேசவும் வெட்கமாக இருந்தது. அடுத்த ஆட்டத்தில் ஸ்டாப்பராக ஜெனிபர் இறங்கினாள். ஜெயமேரி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஆட்டத்திலும் பெஞ்சுதான்.

விளையாட்டு என்றால் வெறும் விளையாட்டு இல்லை என்பது வீட்டில்தான் தெரியும். பயிற்சி நாட்களில் சாலமன் சாயங்கால ஜீப் நடைக்கு வேறு டிரைவரை அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து ஷெரினைப் பார்த்துக்கொண்டான். சோறு வடித்தான். பிள்ளைக்குப் பின்னல்கூடப் போட்டுவிட்டான், கோணலாகத்தான் என்றாலும். உன் பெண்டாட்டி நிக்கர் போட்டுக்கொண்டு ஓடுகிறாளாமே என்று ஜீப் ஸ்டாண்டில் கேட்டவனிடம், "ஆமா, ஒன்னால ஓட முடியுமா?" என்று திருப்பிக் கேட்டவன் அவன். அப்படிப்பட்டவனே ஒரு நாள் சொல்லிவிட்டான்.

"மேரி, ஆடப் போறன்னா ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். அங்கன போயி பெஞ்சுல ஒக்காந்துட்டு வர்றதுக்கா இம்புட்டு அலைச்சல்? ஒக்கார்றதுக்கு வீட்டுலயே சேர் கெடக்கு. கொச்சிக்குப் போயிட்டு வா. அதுக்கு அடுத்து தேனியில ஆட்டம் இருக்குல்ல? அன்னைக்கும் ஒக்கார வச்சாகன்னா, அதோட போதும்."

அவன் சொன்னது அநியாயமாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். நியாயமாக இருந்ததால் பாத்திரத்தைக் கழுவப் போனாள். கழுவும்போது அழுதாள். முப்பது தாண்டியவளை ஒரு தடவை வெளியே அனுப்பினால், மறுபடி யார் கூப்பிடப் போகிறார்கள்?

கொச்சியில் பெரிய ஸ்டேடியம். ராத்திரி ஆண்கள் ஆட்டம்; அதற்கு முன்னால், உச்சி வெயில் இறங்குவதற்குள், பெண்கள் ஆட்டம். அத்தனை ஆயிரம் நாற்காலியில் தண்ணீர் பாட்டில் விற்கிறவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயமேரி அன்றைக்கும் பெஞ்சில்தான். ஆட்டம் சமனில் முடிந்தது. வேர்வை காயவில்லை, ஒருவர் வந்து, யாரும் சட்டையை மாற்ற வேண்டாம், ஆண்கள் அணி வரும்போது வழியில் இரண்டு பக்கமும் நின்று கைதட்ட வேண்டும், டிவியில் வரும் என்றார். ஆடியவர்களைப் பார்க்க ஆள் இல்லை. ஆடப் போகிறவர்களுக்குக் கைதட்ட ஆடியவர்களே வேண்டுமாம். ஏசுதாசன் சார் முகம் சிறுத்துப் போய்விட்டது. ஆனாலும் எல்லோரும் போய் நின்றார்கள். ஜெயமேரி இந்தப் பக்கம், ஜெனிபர் நேர் எதிரே அந்தப் பக்கம்.

ஆண்கள் பஸ் வந்து நின்றது. முன்னால் ஓடி வந்த காவலாளி கையை வீசி, "மாறு! மாறு! மாறு!" என்று கத்தினான்.

எல்லாப் பெண்களும் சுவரோடு பின்வாங்கினார்கள். ஜெயமேரி மட்டும் எதிரே இருந்த ஜெனிபரைப் பார்த்தாள். சரி, நாம் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம் என்று எண்ணிக்கொண்டு வழியின் குறுக்கே விறுவிறுவென்று நடந்தாள். முதலில் வந்த ஆறடி உயர வெளிநாட்டுக்காரன் அவள் மேல் முட்டிக்கொண்டு நின்றான். அவன் நல்ல பிள்ளை, சாரி சொன்னான். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். காவலாளி தொண்டை கிழியக் கத்தினான். ஜெனிபர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா! வெலகச் சொல்றான்க்கா!"

"மாறத்தான சொன்னான்? அதான் மாறிட்டேன்ல."

"மலையாளத்துல மாறுன்னா வெலகுன்னு அர்த்தம்க்கா! ஊடால வந்து நின்னா எப்படி?"

ஜெயமேரி சுவரில் சாய்ந்து நின்றாள். டிரம்ஸ் சத்தம், கைதட்டல், விளக்கு எல்லாம் எங்கோ நடப்பதாக இருந்தது. அப்படியானால் அன்றைக்கு ரெம்யா விலகச் சொல்லியிருக்கிறாள். காதும் பழுதில்லை, காலும் பழுதில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய சந்தோஷம் ஒரு பக்கம். இந்த ஒரு சொல்லுக்கா இத்தனை நாள் பெஞ்சு என்ற ஆத்திரம் ஒரு பக்கம். எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டவில்லை.

அங்கேயே ரெம்யாவைப் பிடித்தாள். ஜெனிபர் நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். முதலில் ரெம்யாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறிவிட்டது. சேச்சியின் காதைக் குறை சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். எழுந்து, ஜெயமேரியின் கையைப் பிடித்து பீனா மேடத்திடம் கூட்டிப் போனாள்.

பீனா மேடம் எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குக் கோபம்தான் வந்தது. தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார்.

"ஜெயமேரி, நான் முதல் நாள் கேட்டில்லே, மலையாளம் அறியாமோ என்று? நீ என்ன பறஞ்சு?"

"அறியாம்னுதான் சொன்னேன் மேடம்."

"பின்னே?"

"அறியாமத்தான மேடம் இருக்கேன்!"

பீனா மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருடமாக இவளிடம் மலையாளத்தில் சொன்னதெல்லாம் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்கும். ஆனால் சிரித்து முடித்ததும் கறாராகச் சொன்னார்: ஜெனிபர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஒரு சொல்லை வைத்து அவள் இடத்தைப் பிடுங்க முடியாது, தேனி ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் பார்த்து முடிவு செய்வேன். அது நியாயம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சாலமன் கட்டிலில் விழுந்து புரண்டான். "மாறுன்னா வெலகுறதுடீ! குமுளியில நாள் பூரா ஜீப்புக்கு முன்னால வர்றவகளப் பாத்து அதத்தான கத்திக்கிட்டுக் கெடக்கேன்!"

"இத்தன வருசமா ஒங்ககூடக் குடித்தனம் பண்றேனே, ஒரு வார்த்த சொல்லிக் குடுத்தீகளா?"

"வீட்டுல ஒன்னைய வெலகுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இருந்தாத்தான?" என்றான். சிரித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற தேனி ஆட்டம் பற்றிச் சொன்னதை அவன் திரும்ப வாங்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வாரம் பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் ரெம்யாவும் ஜெயமேரியும் நின்றார்கள். ஜெனிபர் பக்கவாட்டிலிருந்து பந்தை உயரமாகப் போட்டுக் கொடுத்தாள். தன் இடத்துக்கு உலை வைக்கிற வேலையைத்தான் செய்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் போட்டாள். அதற்காகவே அவளைக் கும்பிடலாம். ரெம்யா தமிழ்ச் சொல் கேட்டாள். விலகு என்பதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"வேணாம்டீ, நீ மாறுன்னே கத்து. அவசரத்துல ஒன் வாய்க்கு வர்றதுதான் வரும். எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே" என்றாள் ஜெயமேரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீனா மேடம் ஜெனிபரை இடது ஓரத்தில் நின்று தடுக்கிற பேக்காக நகர்த்தினார். ஸ்டாப்பர் ஜெயமேரி என்றார். சட்டையை மாட்டும்போது தலை எந்த ஓட்டையில் போகிறது, கை எந்த ஓட்டையில் போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தேனி மைதானத்தில் கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மனிதர்கள் இருந்தார்கள். வீரபாண்டியிலிருந்து ஒரு வேன் நிறையப் பள்ளிக்கூடப் பெண்கள் வந்திருந்தார்கள். சாலமன் ஷெரினைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பி வேலியோரம் நின்றான். அம்மா ஆடுவதைப் பிள்ளை பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் பாதி முழுக்க ஜெயமேரி வந்த பந்தையெல்லாம் முட்டி அனுப்பினாள். ரெம்யா கத்தியபோது விலகினாள், கத்தாதபோது நின்றாள். இடைவேளையில் ஏசுதாசன் சார் வந்து முதுகில் தட்டினார்.

இரண்டாம் பாதியில் ஒரு சாதாரணப் பந்து. நீளமாக அடித்தது, யாரும் நெருக்கவில்லை, வெயிலும் கண்ணில் இல்லை. ரெம்யா ஒன்றும் கத்தவில்லை. கத்த வேண்டிய பந்தே இல்லை அது. தரையில் குத்தி எழும்போது முட்டிக்கொள்ளலாம் என்று ஜெயமேரி காத்திருந்தாள். நினைத்ததைவிட உயரமாக எழுந்து அவள் தலைக்கு மேலே தாண்டிப் போனது. பின்னால் ஓடி வந்த எதிரணிக்காரி தட்டிவிட்டாள். கோல்.

தன்னை வெளியே எடுக்கப் போகிறார்கள் என்று ஜெயமேரி பெஞ்சைப் பார்த்தாள். பீனா மேடம் எழுந்து நின்று கையைத் தட்டி, "போட்டே, போட்டே!" என்றார். அந்தச் சொல்லும் அவளுக்குத் தெரியாது. போகட்டும் விடு என்றுதான் சொல்கிறார் என்பது மட்டும் அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றாள். விசில் ஊதும் வரை அங்கேதான் நின்றாள். கடைசியில் எப்படியோ ஒரு கோலைத் திருப்பிப் போட்டு, ஆட்டம் சமனில் முடிந்தது.

வேலியோரம் போனபோது ஷெரின்தான் முதலில் பேசினாள். "அம்மா, ஒன்னாலதான் கோல் விழுந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாக."

சாலமன் பிள்ளையை அதட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டான். "இன்னைக்கு என்ன வார்த்த மேரி? அவ என்ன சொன்னா, நீ என்னன்னு கேட்ட?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நாந்தான் விட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். முழுக்க என் தப்பு." சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "தப்புப் பண்றதுக்கும் உள்ள நின்னாத்தானங்க முடியும்?"

சாலமன் அவள் பையை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆட்டம் எந்த ஊரில் என்று கேட்டான்.